படமாக வந்த ரிப்போர்ட்டைக் கணினி படிக்காது: தோட்டப்புற கிளினிக்குக்கு எந்த வழி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு நோயாளியின் விவரம் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தோட்டத்து மருந்தகத்தில் எச்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று. டவுனில் இருக்கும் பேனல் கிளினிக்கின், அதாவது தோட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் கிளினிக்கின், நோயாளி அட்டை ஒன்று. அரசாங்க கிளினிக் கொடுத்த சிகிச்சைப் புத்தகம் நோயாளியின் கைப்பையில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் ஒரு கோப்பு. இந்த நான்கையும் இன்றைக்கு இணைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் வாட்ஸ்அப் படங்கள்தாம்.

ஒன்றிரண்டு மருத்துவர்கள், கவுண்டரில் மூன்று நான்கு பேர், வார இறுதிக்கு ஒரு லோக்கம் (தற்காலிக மருத்துவர்), பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு மூன்றோடு பேனல் ஒப்பந்தம். இப்படியொரு கிளினிக் தன் தகவல் தொடர்பையும் மருந்து எச்சரிக்கையையும் ஒழுங்குபடுத்த நினைத்தால் நான்கு வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பையே கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம். சிக்னல் செயலிக்கு மாறலாம். மாதச் சந்தா கட்டி கிளவுட் கிளினிக் மென்பொருள் வாங்கலாம். ஓப்பன்இஎம்ஆர் போன்ற திறந்த மூல மென்பொருளைக் கிளினிக்கிலேயே ஒரு சர்வரில் ஓட்டலாம். நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வேலைக்கு எது என்று கேட்டால் கிடைக்கும்.

ஆளை எழுப்புவது வேறு, எண்ணைச் சேர்ப்பது வேறு

"இந்த நோயாளியை உடனே பாருங்கள்" என்று ஒருவரை எழுப்புவது ஒரு வேலை. எடை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு), ஒவ்வாமை, தற்போது சாப்பிடும் மருந்து ஆகியவற்றை அதனதன் கட்டத்தில் பதிந்து வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு வேகம் போதும். இரண்டாவது வேலை நடந்திருந்தால்தான் கணினியால் எச்சரிக்க முடியும்.

ஓர் உதாரணம். வயது 68, எடை 48 கிலோ, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் நாளுக்கு 2 கிராம் சாப்பிடும் ஒரு பெண்மணி. ஆய்வகத்திலிருந்து கிரியேட்டினின் லிட்டருக்கு 118 மைக்ரோமோல் என்று ரிப்போர்ட் வருகிறது. அதைப் படம்பிடித்து குழுவில் போடுகிறார்கள். "கொஞ்சம் கூட இருக்கிறது" என்று பார்த்துவிட்டு மருத்துவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். ஆனால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 140இல் 68 போக 72, அதை 48ஆலும், பெண்களுக்கான 1.04ஆலும் பெருக்கி, 118ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லி. 2021ஆம் ஆண்டின் சிகேடி–எபி சூத்திரம் எடையைப் பார்ப்பதில்லை. அது ஏறக்குறைய 43 என்று சொல்லும். எண்கள் வேறு, முடிவு ஒன்றுதான்: வடிகட்டும் வேகம் 45க்குக் கீழே போனால் மெட்ஃபோர்மினை நாளுக்கு 1 கிராமுக்குள் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். இந்தப் பெண்மணி இரு மடங்கு அளவில் இருக்கிறார்.

அந்த 118 படமாக இருக்கும் வரை எந்த மென்பொருளும் வாய் திறக்காது. கட்டத்தில் எண்ணாக ஏறினால் மருந்து எழுதும் அந்த நொடியில் கேள்வி எழும். ஆகவே நான்கு வழிகளையும் "பூட்டு எவ்வளவு உறுதி" என்பதை மட்டும் வைத்து ஒப்பிடுவது பாதி வேலைதான். எண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்: பாதையில் இல்லை ஓட்டை, இரு முனைகளில்

வாட்ஸ்அப் பாதுகாப்பற்றது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. 2016 ஏப்ரல் முதல் அதன் செய்திகள் அனுப்புகிறவர் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் கைப்பேசியில்தான் திறக்கின்றன. சிக்கல் வேறு இடங்களில்.

குழுவில் வரும் படம் தானாகவே கைப்பேசியின் கேலரியில் சேமிக்கப்படும். கேலரி கூகள் ஃபோட்டோஸோடு இணைந்திருந்தால் காயத்தின் படம் வீட்டு டேப்லெட்டில் பிள்ளைகள் கண்ணிலும் படும். அரட்டையின் காப்புப் பிரதி கூகள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது, பயனர் தாமாகப் பூட்டை இயக்கியிருந்தாலொழிய அது அந்தப் பூட்டோடு போகாது. இந்த வசதியே 2021இல்தான் வந்தது. கவுண்டர் கணினியில் திறந்து வைத்த வாட்ஸ்அப் வெப், சாயங்காலம் தரையைப் பெருக்க வருகிறவருக்கும் திறந்தே இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்ட லோக்கம் இன்னும் குழுவில் இருப்பார். அவருடைய எண் பிரீபெய்டு என்றால், காலாவதியான பிறகு நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

வாட்ஸ்அப்பிலேயே நீடிப்பதென்று முடிவு செய்தால் இவையெல்லாம் கட்டாயம். படம் கேலரியில் சேமிக்கப்படுவதை ஒவ்வொரு கைப்பேசியிலும் நிறுத்துங்கள். காப்புப் பிரதியை நிறுத்துங்கள், அல்லது முனைக்கு முனை பூட்டை இயக்கி அதன் கடவுச்சொல்லைக் கிளினிக்கின் பெட்டகத்தில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் வாட்ஸ்அப் நிறுவனமே திறந்து தர முடியாது. இரண்டு படி சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின்னை எல்லோரும் போட வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்கைப் பறிப்பதுதான் மோசடிக்காரர்களின் வழக்கமான தந்திரம். பின் இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் உள்ளே நுழைய முடியாது. மறையும் செய்தியை 7 நாளுக்கு வையுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் வரி தெரியாதபடி மாற்றுங்கள். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்து வெட்ட வேண்டும்.

இசிஜி படம் அனுப்பும்போது ஒரு கூடுதல் கவனம். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். மெல்லிய அலைகள் கரையும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். நொடிக்கு 25 மில்லிமீட்டர், மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருக்கும் அளவுக் குறிப்பும், எடுத்த நேரமும் படத்துக்குள் விழ வேண்டும். பன்னிரண்டு லீடும் ஒரே படத்தில் நேராக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்த படத்தில், மாரடைப்பைக் காட்டும் எஸ்டி உயரத்தை யாராலும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் வாட்ஸ்அப்பில் தீராத குறை ஒன்று உண்டு. பொட்டாசியம் 6.4 என்ற ஆபத்தான செய்தி, தீபாவளி வாழ்த்துக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்கும் செய்திக்கும் நடுவே சத்தமில்லாமல் விழும். நீலக் குறி விழுந்தால் மருத்துவர் கண்ணில் பட்டது என்று பொருளே தவிர, அவர் பொறுப்பை ஏற்றார் என்று பொருளில்லை. எந்தச் செயலியானாலும் விதி இதுவாக இருக்கட்டும்: பெற்றவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பதில் போட வேண்டும், "பொட்டாசியம் 6.4, ஆளை உடனே அனுப்புங்கள்" என்பதுபோல. பத்து நிமிடத்தில் அந்தப் பதில் வராவிட்டால் அனுப்பியவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.

டெலிகிராமைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதன் சாதாரண அரட்டையிலும் குழுக்களிலும் முனைக்கு முனை பூட்டு கிடையாது, இரகசிய அரட்டையில் மட்டுமே உண்டு. குழுவாகப் பேச வேண்டிய மருத்துவ வேலைக்கு அது ஆகாது.

சிக்னல்

பூட்டு முறையில் இரண்டும் ஒரே குடும்பம்தான். வாட்ஸ்அப் பயன்படுத்துவதே சிக்னலின் நெறிமுறையை. வேறுபாடு இயல்பான அமைப்பில். சிக்னலில் வரும் படம் கேலரிக்குப் போகாது. நாமாகக் கேட்டாலொழியக் காப்புப் பிரதி எங்கும் போகாது. மறையும் செய்தியை 4 வாரம் வரை அமைக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், அதில் குடும்பக் குழுக்களும் வாழ்த்துப் படங்களும் இல்லாதிருப்பது. சிக்னலின் ஒலி கேட்டால் அது நோயாளி விஷயம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. பாதுகாப்பைவிட இந்தக் காரணத்துக்காகவே நாங்கள் அதை முன்னுக்கு வைக்கிறோம்.

குறை என்னவென்றால், தோட்டத்து எச்.ஏ., கிளினிக் உதவியாளர், லோக்கம் எல்லோரும் அதை இறக்கியாக வேண்டும். மருத்துவமனை மருத்துவர்கள் வர மாட்டார்கள். யாரை நீக்குவது, யாரைச் சேர்ப்பது என்று பார்க்க மைய நிர்வாகம் கிடையாது. செய்தி மறைந்துவிடுவதால், அதில் எடுத்த முடிவை நோயாளிப் பதிவில் எழுதாவிட்டால் நாளை வழக்கென்று வரும்போது சான்று இருக்காது. "தொலைபேசியில் கேட்டார், இன்ன மருந்து இன்ன அளவு சொன்னேன், மணி 3.20" என்று ஒரு வரி அன்றைக்கே பதிவில் ஏற வேண்டும்.

செம்பனை மேட்டுப் பகுதிகளில் 4ஜி விழுந்து விழுந்து எழும். அங்கே எந்தச் செயலியும் நம்பத்தக்கதல்ல. எஸ்எம்எஸ் போகும், ஆனால் அதில் பூட்டு இல்லை. ஆகவே அதில் பெயரும் அடையாள எண்ணும் இல்லாமல் "அவசரம், கூப்பிடவும்" என்று மட்டும் அனுப்புவதே முறை.

கிளவுட் மென்பொருள்: டெமோவில் நீங்களே தட்டிப் பாருங்கள்

மூன்றாவது வழிதான் எண்ணைக் கட்டத்தில் ஏற்றுகிறது. விற்கிறவர்கள் எல்லோரும் "மருந்து எச்சரிக்கை உண்டு" என்பார்கள். விற்பனையாளர் தயார் செய்து வைத்த நோயாளியைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ஒரு புது நோயாளியைப் பதிந்து, இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டாடின் 40 எழுதுங்கள். இரண்டும் நம் ஊர்க் கிளினிக்குகளில் சோறும் குழம்பும் போலச் சேர்ந்தே போகும் மருந்துகள். ஆனால் அம்லோடிபினோடு சேரும்போது சிம்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தசை சிதையும் ஆபத்து கூடும். அதே ஆளுக்கு கிளாரித்ரோமைசின் எழுதுங்கள். சிம்வாஸ்டாடினோடு அது சேரவே கூடாது. மென்பொருள் தடுத்து நிறுத்த வேண்டும்.

அடுத்து, ஒவ்வாமைக் கட்டத்தில் பென்சிலின் என்று போட்டுவிட்டு, வணிகப் பெயரில் ஆக்மென்டின் எழுதுங்கள். பல மென்பொருள்கள் இங்கேதான் தோற்கின்றன. காரணம் எளிது: ஒவ்வாமையை வெறும் எழுத்தாக வைத்திருக்கிறார்கள், மருந்தைச் சரக்குப் பட்டியலின் பெயராக வைத்திருக்கிறார்கள், இரண்டையும் இணைக்கும் மூலப்பொருள் குறியீடு இல்லை. பென்சிலினும் அமாக்சிசிலினும் ஒரே குடும்பம் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு 12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமோல் சிரப். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. சந்தையில் 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. கவுண்டரில் பாட்டில் மாறி 250இல் 7.5 மில்லி போனால் 375 மி.கி., அதாவது கிலோவுக்கு 31 மி.கி. எடை பதியாத குழந்தைக்கு மருந்து எழுதவே விடாத மென்பொருள் நல்ல மென்பொருள். சிரப்பின் செறிவைக் கேட்காமல் மில்லியை மட்டும் அச்சிடுவது ஆபத்தானது.

கடைசியாக, முன்னே சொன்ன 118ஐயும் மெட்ஃபோர்மினையும் போட்டுப் பாருங்கள். கிரியேட்டினின் எந்த அலகில் ஏறுகிறது என்றும் பாருங்கள். நம் ஆய்வகங்கள் மைக்ரோமோலில் தருகின்றன. அமெரிக்காவை நோக்கி எழுதிய மென்பொருள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எதிர்பார்க்கும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோலுக்குச் சமம். சர்க்கரையிலும் இதே தகராறு உண்டு, அங்கே பெருக்கும் எண் 18.

பெயர் விஷயத்தையும் சோதிக்க வேண்டும். முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒய்யில் முடிப்பார், இன்னொருவர் ஐயில் முடிப்பார். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்த்தும் சேர்க்காமலும் பதிவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு உண்டானால் ஒவ்வாமை ஒன்றில் இருக்கும், மருந்து இன்னொன்றில் ஏறும். மைகார்டு எனும் அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணைத்தான் தேடும் சாவியாக வைக்க வேண்டும். வங்காளதேசம், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களுக்குக் கடவுச்சீட்டு எண் புதுப்பிக்கும்போது மாறிவிடும். அவர்களுக்குக் கிளினிக்கின் சொந்த எண் ஒன்றைக் கொடுத்து, கடவுச்சீட்டை அதன் கீழே ஒரு விவரமாக மட்டும் வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: தரவு எந்த நாட்டுச் சர்வரில் இருக்கிறது, யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவு எத்தனை காலம் இருக்கும், கவுண்டர், எச்.ஏ., மருத்துவர் ஆகியோருக்குத் தனித்தனி உரிமை உண்டா. இரட்டைச் சரிபார்ப்பு உண்டா. சந்தாவை நிறுத்தினால் முழுத் தரவும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கையில் வரும். கடைசிக் கேள்விக்குப் பிடிஎஃப் என்று பதில் வந்தால் ஏற்க வேண்டாம். பத்தாயிரம் பிடிஎஃப் கோப்புகள் என்பது பத்தாயிரம் படங்கள். பழைய கதைக்கே திரும்புகிறோம். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு குறைந்தபட்சம், மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் தரத்தில் தந்தால் இன்னும் நல்லது.

சொந்த சர்வர்

மென்பொருள் இலவசம், தரவு நம் சுவருக்குள், இணையம் போனாலும் வேலை நிற்காது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதைப் பராமரிக்க ஊரிலேயே ஆள் இருந்தால்தான் அது இலவசம். இயங்குதளம், தரவுத்தளம், மென்பொருள் மூன்றுக்கும் புதுப்பிப்பு வரும். ஒன்றைத் தவறவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையை முடக்கிய வான்னாகிரைக்குத் தடுப்பு, அதற்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. போடாதவர்களைத்தான் அது தாக்கியது.

நம் வட்டாரத்தில் இன்னொரு எதிரி மின்னல். யூபிஎஸ் மட்டும் போதாது. நெட்வொர்க் கம்பி வழியாகவும் தாக்கும், ஆகவே ரௌட்டர் பக்கமும் தடுப்பு வேண்டும். காப்புப் பிரதி மூன்று இருக்க வேண்டும், இரண்டு வகைக் கருவியில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் காப்பு ஆகாது. கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் காப்பை மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து பழுது பார்க்க வசதியாக இருக்கிறதென்று டெக்னீஷியன் 3389 வாசலை (விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் போர்ட்) இணையத்துக்குத் திறந்து வைத்தால் அதை அன்றைக்கே மூடச் சொல்லுங்கள்; கப்ப வைரஸ்காரர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் வாசல் அது.

எச்சரிக்கை விஷயத்திலும் சொந்த சர்வர் பின்தங்குகிறது. பல இலவச மென்பொருள்கள் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வழங்கிய மருந்து மோதல் சேவையை நம்பியிருந்தன. 2024 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. இனி மருந்துத் தரவுத்தளத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது விதிகளை நாமே எழுத வேண்டும்.

எச்சரிக்கை குறைவாக இருக்கட்டும், உறுதியாக இருக்கட்டும்

எச்சரிக்கை வந்தால் மருத்துவர் கேட்பார் என்று நினைப்பது தவறு. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை புறக்கணிக்கப்படுவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து பெட்டி எழும்பினால் விரல் தானாகவே ஓகேயைத் தேடும். ஆறாவது பெட்டியில் உயிர்ப் பிரச்சினை இருந்தாலும் அதே விரல்தான்.

தோட்டப்புற கிளினிக்குக்கு நிறுத்திக் கேட்கும் எச்சரிக்கை பத்துக்குள் போதும் என்பது எங்கள் கணிப்பு. மேலே சொன்ன ஐந்தோடு இவற்றையும் சேர்ப்போம். டெங்கி என்று சந்தேகிக்கும் காய்ச்சலில் டைக்குளோஃபெனாக், மெஃபெனாமிக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். தசையில் ஊசியும் வேண்டாம். உடல்வலி என்று வருகிறவர் ஊசி கேட்பது நம் ஊர் வழக்கம் என்பதால் இது முதல் வரிசை. இரத்த அழுத்தத்துக்கு பெரிண்டோப்ரில் வகையும் சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு மேலே ஒரு வலி மாத்திரை எழுதினால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். வெயிலில் குலை வெட்டி நீர் வற்றிய தொழிலாளிக்கு இன்னும் மோசம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் அல்லது கோட்ரைமாக்சசோல் எழுதினாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கு டாக்சிசைக்ளினும் பெரிண்டோப்ரில் வகையும் வேண்டாம். எலி நடமாடும் தோட்டங்களில் லெப்டோஸ்பைரோசிசுக்கு (எலிக்காய்ச்சல்) டாக்சிசைக்ளின் கைக்கு எளிதில் வரும் மருந்து. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கு நைட்ரோஃபுரான்டோயின், பிரிமாகுயின் வேண்டாம்; மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இது பிறப்பிலேயே சோதிக்கப்படுகிறது, முடிவு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கிறது, அதை மென்பொருளில் ஏற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

எச்சரிக்கை யார் திரையில் எழுகிறது என்பது இன்னொன்று. நம் தனியார் கிளினிக்குகளில் மருந்தும் அங்கேயே கொடுக்கப்படுகிறது. மருந்து எடுத்துத் தரும் பெண்ணின் திரையில் எச்சரிக்கை எழுந்தால், வெளியே இருபது பேர் காத்திருக்கும் நேரத்தில் அவர் மருத்துவர் அறைக் கதவைத் தட்டுவாரா? மருத்துவர் எழுதும்போதே எழ வேண்டும். மீறினால் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அந்தக் காரணங்களைப் படியுங்கள். எப்போதும் மீறப்படும் எச்சரிக்கை ஒன்று இருந்தால், விதி தவறு அல்லது எழும் நேரம் தவறு. திருத்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

டெங்கிக்கு எண்ணின் ஓட்டமே முக்கியம். "பிளேட்லெட் 90" என்று மட்டும் வரும் செய்தியால் பயனில்லை. ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எவ்வளவு, முதல் நாள் எவ்வளவு, காய்ச்சல் எத்தனையாம் நாள், எத்தனை முறை வாந்தி, வயிற்றுவலி உண்டா, ஆள் சோர்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் வீட்டுக்கா ஈப்போவுக்கா என்று முடிவெடுக்க முடியும். பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே ஹெமட்டோக்ரிட் ஏறினால் இரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். திங்களன்று கிளினிக்கில் எடுத்த எண்ணும் புதனன்று இன்னொரு இடத்தில் எடுத்த எண்ணும் ஒரே வரிசையில் தெரிந்தால் இந்த ஏற்றம் கண்ணில் படும். படங்களாக இரண்டு கைப்பேசியில் கிடந்தால் படாது. டெங்கியை 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடமையும் உண்டு. அந்த நினைவூட்டலையும் மென்பொருளிலேயே வைக்கலாம்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எச்சரிக்கைக்குப் பதிலாக வைக்கக் கூடாது. இல்லாத அளவை உறுதியான குரலில் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. எதைத் தேட வேண்டும் என்று யோசிக்க உதவலாம். அளவைச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியிலும் மருந்துப் பட்டியலிலும் பார்த்துத்தான் எழுத வேண்டும். நோயாளியின் பெயர், மைகார்டு எண், முகம் தெரியும் படம் எதையும் அதில் இடக் கூடாது.

சட்டம் கேட்பது

உடல்நல விவரம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் உணர்திறன் மிக்க தரவு. அரசாங்க மருத்துவமனைகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, தனியார் கிளினிக்கைக் கட்டுப்படுத்தும். தனியார் கிளினிக் தரவு ஆணையரிடம் பதிந்துகொள்ள வேண்டிய வகையைச் சேர்ந்தது. 2024இல் செய்த திருத்தம் 2025இல் படிப்படியாக நடப்புக்கு வந்திருக்கிறது: கணிசமான பாதிப்பு உண்டாக்கும் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும், அதன் பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டும். அபராத உச்சம் 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது. உணர்திறன் மிக்க தரவு 10,000 பேருக்கு மேல் இருந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். இருபது முப்பது ஆண்டாக நடக்கும் டவுன் கிளினிக்கின் அட்டை அலமாரியை எண்ணிப் பாருங்கள்; பல கிளினிக்குகள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

கிளவுட் நிறுவனத்தில் கசிந்தாலும் 72 மணி நேரக் கணக்கு கிளினிக்கின் தலையில்தான் ஓடும். ஆகவே கசிவு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்வீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பெரிய நிறுவனம் என்றால் கசியாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த்திலிருந்து 15 இலட்சம் பேரின் விவரமும் 160,000 பேரின் மருந்துச் சீட்டு விவரமும் போயின.

எங்கள் தேர்வு

ஒன்றிரண்டு மருத்துவர் கிளினிக்குக்கு: பதிவுக்கு கிளவுட் மென்பொருள், எழுப்புவதற்கு சிக்னல். வாட்ஸ்அப்பை நோயாளிகளுக்கு நேரம் சொல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிக்னலில் நோயாளியின் கிளினிக் பதிவு எண்ணும் கேள்வியும் போகும். ரிப்போர்ட் போகாது, அது மென்பொருளில் ஏறும். எச்.ஏ.வுக்கும் மென்பொருளில் குறைந்த உரிமையுடன் ஒரு கணக்கு வேண்டும், எடை, அழுத்தம், சர்க்கரை, ஒவ்வாமை ஆகியவற்றை அவரே ஏற்றும்படி. டெமோவில் ஐந்து சோதனைகளில் மூன்றுக்குக் கீழே தேறிய மென்பொருளை, மற்ற வசதிகள் எவ்வளவு கவர்ந்தாலும், வாங்க வேண்டாம். சொந்த சர்வரை, ஊரில் மாதாமாதம் வந்து பார்க்கும் ஆள் இருந்தால் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கணினிகளைச் சரிசெய்யாமல் மென்பொருள் வாங்குவது வீண். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நீட்டிப்புச் சந்தா இல்லாத கணினிகளைக் கழிக்க வேண்டும். விண்டோஸ் புரோ எடுத்து, வட்டை முழுவதும் பூட்டும் பிட்லாக்கரை இயக்கி, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். ஆளுக்கொரு கணக்கு வேண்டும்; கவுண்டரில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் யார் திறந்தார் என்ற பதிவுக்கே பொருள் இல்லை. காத்திருப்போருக்கான வைஃபையைத் தனியாகப் பிரியுங்கள்.

மாறும்போது பழைய அட்டைகள் அனைத்தையும் ஏற்ற முயலாதீர்கள். பாதியில் சோர்ந்து நின்றுவிடும். நோயாளி வரும் அன்று அவருடைய ஒவ்வாமை, நீண்டகால மருந்துகள், கடைசி கிரியேட்டினின், எடை ஆகிய நான்கை மட்டும் ஏற்றுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தக்காரர்கள் மாதாமாதம் மருந்துக்கு வருகிறவர்கள் என்பதால் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலோர் உள்ளே வந்துவிடுவார்கள். ஒவ்வாமை இல்லை என்றால் "இல்லை" என்று பதியுங்கள். வெறும் கட்டம் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஈப்போவுக்கு அனுப்பும் நோயாளியின் கையில் அச்சிட்ட கடிதம் தொடர்ந்து போகட்டும். மருத்துவமனையின் கணினி நம் மென்பொருளோடு பேசாது. கடிதத்தில் மருந்துகள் அளவோடு, ஒவ்வாமை, கடைசி மூன்று ரிப்போர்ட்டின் எண்கள் தேதியோடு, அனுப்பும் காரணம் ஒரு வரியில், கிளினிக்கின் நேரடித் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். லைன் போன நாளுக்காக இதே வடிவில் வெற்றுப் படிவம் ஐம்பது தாளாவது கவுண்டரில் இருக்கட்டும், அதில் எழுதியதை லைன் வந்த அன்றே ஏற்றிவிட வேண்டும்.